கோட்டைக்கு வெளியே கள்ளுக்கடை

இலண்டன் மாநகரின் தென்கரையில் சதர்க் என்னும் பகுதியில், 1676ஆம் ஆண்டுத் தீயில் அழிந்து மறு ஆண்டே மீண்டும் எழுப்பப்பட்ட ஜார்ஜ் விடுதியைப் போன்ற பழைய மதுச்சாலைகளை, வழிகாட்டி ஒருவர் முன்னே நடக்க, பத்து இருபது பேர் பின்னே நடந்து, ஒவ்வொரு வாசலிலும் நின்று அதன் சரித்திரத்தைக் கேட்டுச் செல்லும் வழக்கம் மேனாடுகளில் நன்கு நிலைபெற்றிருக்கிறது. டப்ளின் நகரத்தில் 1988 முதல் நடிகர்களே வழிகாட்டிகளாக அமைந்து, அந்நாட்டு எழுத்தாளர்கள் கூடியிருந்த சாலைகளைக் காட்டுவதோடு அவர்களுடைய நூல்களின் பகுதிகளை அங்கேயே நடித்தும் காட்டுகிறார்கள். இவற்றை வெறும் களியாட்டம் என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. ஒரு நகரத்தின் சாமானிய ஜனங்கள் மாலைப்பொழுதில் எங்கே கூடினார்கள், எதைப் பேசினார்கள், எந்தக் கூலிப் போராட்டத்துக்கு எந்த மேசையைச் சுற்றி யோசனை நடந்தது என்பனவெல்லாம் அரசர்களின் சரித்திரத்தில் அகப்படாத விஷயங்களாதலால், அவற்றைத் தேடுகிறவன் கடைசியில் ஒரு மதுச்சாலையின் வாசலுக்குத்தான் வந்து சேரவேண்டியிருக்கிறது.

நம் நாட்டிலும் பழைய இலக்கியம் இதற்குச் சாட்சி சொல்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துக் கடைவீதியைப் பாடிய பட்டினப்பாலையும் மதுரையைப் பாடிய மதுரைக்காஞ்சியும் கள் விற்கும் இடங்களில் கட்டப்பட்டிருந்த கொடிகளைக் குறிக்கத் தவறவில்லை. கோயிலுக்குக் கொடி இருந்ததுபோலவே கள்ளுக்கும் கொடி இருந்தது. தூரத்திலிருந்து வருகிறவன் அதைப் பார்த்து வழி கண்டுகொண்டான். அப்படியானால் அந்தக் கொடியின் வழியே நம் ஊர் ஒன்றில் இன்று நடந்து பார்க்க முடியுமா என்ற கேள்வியை எழுப்பிக்கொண்டு, அதற்குப் பத்மநாபபுரத்தைத் தேர்ந்தெடுக்கிறேன். தலைநகரமாயிருந்து கைவிடப்பட்ட ஊர். வழிகாட்டிகளோடு சுற்றிப் பார்க்கும் பழக்கம் ஏற்கெனவே நிலைத்துவிட்ட ஊர். அதைச் சுற்றிலும் பனை விளைகள் பரந்து கிடந்த நாடு. இம்மூன்றும் ஒருங்கே அமைந்த இடம் தென்னாட்டில் வேறு எளிதில் கிடைக்காது.

நடப்பதும் இவ்வூருக்குப் புதிதன்று. மகாசிவராத்திரியை ஒட்டி, பன்னிரண்டு சிவாலயங்களை ஓடியும் நடந்தும் தரிசிக்கும் சிவாலய ஓட்டத்தில் முன்சிறைத் திருமலையில் புறப்படும் அடியார்கள் ஏழாவதாக வந்து சேருவது கோட்டைக்குள் இருக்கும் கல்குளம் நீலகண்டர் சந்நிதிக்குத்தான். நவராத்திரியின்போது அரண்மனைச் சரசுவதி தேவியும், குமாரகோயிலில் எழுந்தருளியிருக்கும் வேளிமலை முருகனும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகச் செல்கிறார்கள். கால்நடையாகச் சென்று ஓர் இடத்தின் மகிமையை அறிவது என்னும் முறை இம்மண்ணில் பக்தியின் வழியாக வெகுகாலமாக இருந்துவருகிறது. சரித்திரத்தின் வழியாகவும் அது நடைபெறுவதற்குத் தடை எதுவும் இல்லை.

முதலில் கோட்டையையும் அரண்மனையையும் சுருக்கமாகச் சொல்லிவிடவேண்டும். வேளிமலையின் அடிவாரத்தில், ஏறத்தாழ 186 ஏக்கரை வளைத்து நிற்கும் கருங்கல் கோட்டைக்குள், கல்குளம் என்று வழங்கிவந்த இவ்வூரில் 1601ஆம் ஆண்டளவில் தொடங்கியதாகச் சொல்லப்படும் அரண்மனையை, 1729 முதல் 1758 வரை திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்டவர்மர் பெரிதும் புதுப்பித்தார். 1750இல் ராஜ்யத்தையே திருவனந்தபுரத்துப் பத்மநாப சுவாமிக்குத் தானம் செய்து, தாம் அவருடைய தாசராக இருந்து ஆளுவதாகப் பிரகடனம் செய்தபோது, ஊருக்கும் அப்பெயரே வழங்கலாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தர்மராஜா எனப்பெற்ற ராமவர்மர் காலத்தில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போயிற்று. 1956இல் ஊர் தமிழகத்தோடு சேர்ந்தபோதும், அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பிலேயே தங்கிவிட்டது.

இந்த அரண்மனையில் ஊட்டுப்புரை என்று ஒரு கட்டடம் உண்டு. கீழும் மேலுமாக இரண்டு நீண்ட தளங்கள். ஒவ்வொன்றிலும் ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் இலைபோட்டு உண்ணலாம் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். ஊறுகாய் போட்டு வைத்த பெரிய சீனத்துப் பரணிகள் இன்னும் அங்கே வரிசையாக இருக்கின்றன. தூண்களின் வரிசையும், நீண்டு செல்லும் தரையும், இருபுறத்து மரச் சன்னல்களின் வழியே வடிகட்டி உள்ளே விழும் வெளிச்சமும் பார்ப்பவரை ஒரு கணம் பேச்சற்று நிற்கச் செய்யும். அரசாங்கம் யாருக்கு அன்னம் அளித்ததோ அவர்கள் உண்ட இடம் இப்படிக் கல்லிலும் மரத்திலும் நிலைத்து நிற்கிறது. அதே நாட்டில், அதே காலத்தில், உழவு மாட்டை அவிழ்த்துவிட்டும் சுமையை இறக்கிவைத்தும் வந்த பெருந்திரளான ஜனங்கள் உட்கார்ந்து குடித்த இடங்களைத் தேடினாலோ, ஒரு தூண்கூட அகப்படுவதில்லை.

ஏன் அகப்படவில்லை என்று ஆராய்வதுதான் இந்நடையின் முதற் பாடம். இங்கிலாந்தின் மதுச்சாலை நிலைத்ததற்குக் காரணம் அதன் பானம் நிலைத்ததே. ஹாப்ஸ் எனப்படும் பூவைச் சேர்த்துக் காய்ச்சிய பீர் பீப்பாயில் பலநாள் கெடாமல் கிடக்கும். கிடங்கு தோண்டி அடுக்கலாம். கிடங்கின்மேல் வீடு எழும்பும். வீட்டோடு உரிமமும் சேர்ந்து தலைமுறை தலைமுறையாக இறங்கும். பனங்கள்ளோ பிறந்த பொழுதிலேயே மாறத் தொடங்கிவிடுகிறது. பாளையிலிருந்து சொட்டும்போது நூற்றுக்குப் பத்து முதல் பதினான்கு பங்கு சர்க்கரை கொண்ட தித்திப்பான சாறு, காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் பற்றியவுடன் புளிக்கத் தொடங்கி, ஒரு பகலுக்குள்ளாகவே நாலைந்து பங்கு சாராயச் சத்துடைய கள்ளாகி, மறுநாள் காடியை நோக்கிப் போய்விடுகிறது. அதைச் சேமிக்க முடியாது, கிடங்கு வேண்டாம், ஆகையால் கட்டடமும் வேண்டாம். மரத்திலிருந்து ஒரு நாழிகை நடைக்குள் நாலு கால் நட்டு, மேலே பனையோலை வேய்ந்து, இரண்டு பானையும் ஒரு பெஞ்சும் போட்டால் கடை ஆயிற்று. குத்தகையும் ஆண்டுதோறும் ஏலத்தில் கைமாறுவது. இவ்வருஷம் எடுத்தவன் வரும் வருஷத்துக்காகச் சுவர் கட்டுவானா? கள்ளுக்கடை கொட்டகையாகவே எழுந்து, கொட்டகையாகவே மறைந்தது. ஆகவே மதுச்சாலையைக் காட்டும் நடையை நம் ஊரில் அப்படியே நகல் செய்ய முடியாது. கட்டடத்தை விட்டுவிட்டு மரத்தைப் பின்பற்றவேண்டும். குடித்தவனைத் தேடுவதை விட்டுவிட்டு இறக்கினவனைத் தேடவேண்டும். என் கருத்தில் இதுவே நமக்கு ஏற்ற முறை. மேனாட்டு முறையைவிட உண்மைக்கு அருகிலிருப்பதும் இதுதான்.

எனவே நடையைக் கோட்டைக்கு வெளியே தொடங்குவோம். பத்மநாபபுரத்தை அடுத்த நாஞ்சில் நாடு என்றவுடன் வயலும் குளமும் ஆறும்தான் எவர் நினைவிலும் எழுகின்றன. ஆனால் வயலைக் கடந்து சற்று மேட்டில் ஏறினால் செம்மண் விளைகள்; அங்கே பனையும், பின்னாளில் தென்னையும் ரப்பரும். கல்குளம், விளவங்கோடு, பழைய இரணியல் ஆகிய தாலுக்காக்களின் ஜீவனத்தில் பெரும்பகுதி ஒருகாலத்தில் இந்தப் பனையைப் பற்றியே நின்றது.

பனையேறியின் வேலையைக் கிட்ட நின்று பார்க்கவேண்டும். கால்கள் இரண்டையும் பிணைக்கும் திளாப்பு. மரத்தின் அடியில் சாத்தி முதல் மிதியாகக் கொள்ளும் முருக்குத்தடி. இடுப்பில் தொங்கும் அரிவாள்பெட்டி. அதற்குள் பாளை சீவுவதற்கென்றே தீட்டிய அரிவாள். சாற்றைச் சேர்த்து இறக்கும் குடுவை. நெஞ்சு மரத்தோடு உராய, இரு கைகளாலும் தழுவி, கால்களை ஒன்றாக உயர்த்தி உந்தி உந்தி அறுபது எழுபது அடி ஏறி, கருக்கு மட்டைகளுக்கிடையே உடலை நுழைத்து உட்கார்ந்தபின்தான் நுட்பமான வேலை தொடங்குகிறது. ஆண் பனையின் பாளைகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டி, மரத்தாலான இடுக்கியால் நாள்தோறும் மெல்ல நசுக்கிப் பக்குவப்படுத்தி, சில நாள் கழித்து நுனியை ஓர் இழை அளவே சீவவேண்டும். அழுத்திச் சீவினால் பாளை விரைவில் தீர்ந்துபோம். மேலோட்டமாகச் சீவினால் கண் திறக்காது. பின்பு கலயத்தைக் கட்டிவிட்டு இறங்கி அடுத்த மரம். நாற்பது மரம் ஏறுகிறவர் காலையும் மாலையுமாக இருமுறை ஏறினால், மரத்துக்கு அறுபது அடி என்று கொண்டாலும், ஒரு நாளைக்கு 4,800 அடி உயரம் ஏறி, அவ்வளவும் இறங்கவேண்டும். தை மாதம் முதல் ஆனி வரை, மழை பெய்து மரம் வழுக்கினாலும், இது ஒழியாத கடமை. ஒருநாள் சீவாமல் விட்டால் பாளையின் வாய் அடைத்துக்கொள்ளும்.

மரத்தின் உச்சியிலேயே பானத்தின் விதி நிர்ணயமாகிவிடுகிறது. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பைத் தடவிக் கட்டினால் புளிப்பு அடங்கி, நாஞ்சில் நாட்டார் அக்கானி என்று சொல்லும் பதநீர் கிடைக்கிறது. சுண்ணாம்பு தடவாமல் கட்டினால் அதே பாளையின் அதே சாறு கள்ளாகிறது. ஒரு விரற்கடைச் சுண்ணாம்புதான் இரண்டுக்கும் இடையிலுள்ள வேற்றுமை. இதை நடைக்கு வருகிறவர்கள் கண்ணாலேயே காணவேண்டும் என்பேன். ஏனெனில் இந்நாட்டின் மதுவரிச் சட்டங்களும், மதுவிலக்குச் சட்டங்களும், சீர்திருத்தக்காரரின் பிரசங்கங்களும், போலீஸ் வழக்குகளும் எல்லாம் அந்தச் சுண்ணாம்புக் கோட்டின் இருபுறத்திலும்தான் நடந்தேறியிருக்கின்றன.

அக்கானி, காய்ச்சும் கொட்டகையான விடிலிக்குப் போகிறது. அங்கே பெண்கள் அதை அகன்ற பாத்திரத்தில் ஊற்றி மணிக்கணக்காகக் காய்ச்சுகிறார்கள். பொங்கி வழியும்போது இடித்த ஆமணக்கு விதையைச் சிறிது இட்டு நுரையை அடக்கி, கூப்பனி என்னும் கெட்டிப் பாகாகும் பதத்தையும் தாண்டவிட்டு, துடுப்பில் எடுத்த துளி தண்ணீரில் உருண்டு நிற்கிறதா என்று பார்த்து, சிரட்டைகளில் வார்த்தால் கருப்பட்டி. விறகு சேர்ப்பது, தீ எரிப்பது, கிண்டுவது, வார்ப்பது, சந்தைக்குச் சுமப்பது அத்தனையும் பெண்களின் உழைப்பு. பனைத்தொழிலைப் பற்றிப் பேசுகிறவர்கள் மரத்தில் இருக்கும் ஆடவனையே பார்த்துவிட்டு அடுப்படியில் இருக்கும் பெண்ணை விட்டுவிடுவது பெருங்குறை. அவள் உழைப்பு இல்லாவிட்டால் சாறு மாலைக்குள் வீணாகும், அல்லது கள்ளாகும்.

இனி அரசாங்கம் இந்த மரத்தை எப்படிப் பார்த்தது என்பதற்கு வருவோம். வேணாட்டு அய்யனடிகள் திருவடிகள், சேரமன்னன் ஸ்தாணு ரவியின் ஆட்சியில், 849ஆம் ஆண்டு கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு வழங்கிய செப்பேடுகளில், அப்பள்ளிக்கு விடப்பட்ட, கள் இறக்கும் ஈழவர் குடும்பங்கள் செலுத்தவேண்டாத வரிகளாகத் தலைக்காணமும் ஏணிக்காணமும் குறிக்கப்பட்டுள்ளன. அவர்களுக்கு மட்டும் தள்ளுபடி என்றால், மற்றவர்கள் தலைக்கு ஒரு வரியும் மரமேறும் ஏணிக்கு ஒரு வரியும் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது சொல்லாமலே விளங்கும். சோழர் செப்பேடுகளில், பிரமதேயமாக விடப்பட்ட நிலங்களில் உள்ள தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறலாகாது என்ற நிபந்தனை வருகிறது. கள் இறக்குவோர் மீதான ஈழம்பூட்சி என்ற வரியும் பல்லவர், சோழர் சாசனங்களில் பேசப்படுகிறது. மரம் மன்னனுக்கு வருவாய். மரத்தில் ஏறுகிறவன் வரியின் இலக்கு. ஓராயிரம் ஆண்டுக்குப் பின்னும் திருவிதாங்கூரில் இது பெரிதும் மாறிவிடவில்லை. 1841இல் இயற்றப்பட்ட அகிலத்திரட்டு அம்மானை, அய்யா வைகுண்டரின் அடியார்களுக்கு இன்றும் வேதமாக விளங்கும் நூல். பனையேறியின் கருவிகள் மீதும் பனையின் உறுப்புகள் மீதும் விதிக்கப்பட்ட ஆயங்களை அது நெஞ்சு பொறுக்காமல் வரிசைப்படுத்திச் செல்கிறது. ஒரு ஜனசமூகம் தன்மீது சுமத்தப்பட்ட வரிகளின் ஜாபிதாவைத் தன் வேதத்திலேயே எழுதி வைத்துக்கொண்டது உலக சரித்திரத்தில் அபூர்வமான செய்தி என்று நான் நினைக்கிறேன்.

இந்த இடத்தில்தான் பத்மநாபபுரம் நம் நடைக்கு இன்றியமையாததாகிறது. தலைநகரம் போன பிறகு இவ்வூர் வெறும் பழம்பெருமையோடு தூங்கிக்கொண்டிருக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோவாளை, அகஸ்தீசுவரம், இரணியல், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுக்காக்கள் அடங்கிய தென்பகுதி, பத்மநாபபுரம் டிவிஷன் என்ற பெயரில் திவான் பேஷ்கார் ஒருவரின் கீழ் இருந்தது. தென்திருவிதாங்கூரின் நெல் கணக்கும் உப்புக் கணக்கும் மரக் கணக்கும் சேர்ந்த இடம் இது. கணக்கு எழுதிய ஏடும் பனையோலைதான். திருவனந்தபுரத்துக் கோயிலின் மதிலகம் சுருணைகளும், கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தேடிக்கண்டு ஆராய்ந்த அழகியபாண்டிபுரம் முதலியார் ஓலைகளும் அவ்வோலையிலேயே எழுதப்பட்டவை. அந்த ஓலையை வெட்டி இறக்கியவனும் பனையேறியே. அரண்மனைத் தரைகளையும் சுவர்களையும் கண்டு வியக்கிறவர்கள், தென்னாட்டுக் கொத்தர்கள் சுண்ணாம்புச் சாந்தைக் கடுக்காய் நீரும் கருப்பட்டி நீரும் சேர்த்துப் பக்குவப்படுத்தி வந்ததையும் கூடவே கேட்டறிந்தால் நல்லது.

பனையேறியின் குடும்பம் இவ்வூரின் சரித்திரத்துக்குள் நேரடியாக நுழைந்த சந்தர்ப்பம் ஒன்று உண்டு. அது கள்ளைப் பற்றியதன்று, உடையைப் பற்றியது. 1822இல் கல்குளம், இரணியல் பகுதிகளில், கிறிஸ்தவத்தைத் தழுவிய நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடை அணிந்ததற்காகச் சந்தைகளிலும் வழிகளிலும் தாக்கப்பட்டார்கள். இலண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மீட் ஆங்கிலேய ரெசிடெண்டிடம் முறையிட, வழக்கு பத்மநாபபுரம் நீதிமன்றத்துக்கு வந்து, 1823இல் அப்பெண்கள் மேலாடை அணியலாம் என்று தீர்ப்பாயிற்று. ஆயினும் 1829இல் வந்த அரச பிரகடனம் அந்த உரிமையை மறுத்தது. கலவரங்கள் மீண்டும் எழுந்து, 1859 ஜூலை 26 அன்று வெளியான பிரகடனத்தின் பின்னரே நாடார் பெண்களுக்கு உடல் மறைக்கும் உரிமை கிடைத்தது. அப்போதும் மேல்ஜாதிப் பெண்களைப் போல உடுத்தலாகாது என்ற தடை அதில் இருந்தது. கருப்பட்டிக் கடவத்தைத் தலையில் சுமந்து சந்தைக்கு நடந்த பெண்ணுக்கு அச்சந்தையே போர்க்களமாயிற்று. 1936 நவம்பர் 12 அன்று ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரும்வரை திருவிதாங்கூரின் அரசாங்கக் கோயில்களுக்குள் அவள் காலடி வைக்க முடியவில்லை. கோயிலைச் சூழ்ந்த வீதிகள் பலவற்றிலும் நடக்க முடியவில்லை. இன்று நாம் கோட்டைக்குள் நீலகண்ட சுவாமி கோயிலைச் சுற்றி நிதானமாக நடந்து பார்க்கும்போது, இந்த நடையே ஒருகாலத்தில் யாருக்கு மறுக்கப்பட்டிருந்தது என்பதை வழிகாட்டி ஒரு வார்த்தையாவது சொல்லித் தீரவேண்டும்.

கொல்லம் 1073ஆம் ஆண்டின், அதாவது 1898ஐ ஒட்டிய, நான்காம் சட்டமாகத் திருவிதாங்கூர் அப்காரிச் சட்டம் வந்தபின் கள்ளும் சாராயமும் நவீன அரசாங்கத்தின் முறையான வருவாய்த் துறையாயின. குத்தகை, ஏலம், உரிமம், சோதனை ஆகியவை வந்தன. சென்னை மாகாணத்திலும் இதே முறை. அங்கே மதுவருவாய் எவ்வளவு பெரிதாயிருந்தது என்பதற்கு, 1937 அக்டோபர் 1 அன்று சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கிய ராஜாஜி, அதனால் ஏற்படும் நஷ்டத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவரவேண்டியிருந்ததே சான்று. இன்று நாம் எதை வாங்கினாலும் கட்டும் வரியின் பூர்வோத்தரம் கள்ளுக்கடையில் போய் முடிகிறது.

மதுவை எதிர்த்தவர்களின் நியாயத்தையும் நான் குறைத்து மதிக்கவில்லை. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். இதே கன்னியாகுமரி ஜில்லாவின் மருத்துவாழ்மலையில் தவமிருந்த நாராயண குரு, கள் இறக்குவதைக் குலத்தொழிலாகக் கொண்டிருந்த தம் சமூகத்தாரிடமே, மது செய்யவேண்டாம், கொடுக்கவேண்டாம், குடிக்கவேண்டாம் என்றார். ஈ.வெ.ரா. தம் தோப்பின் தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்ததும், ஈரோட்டில் அவர் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் 1921இல் கடை மறியலில் நின்றதும் நாடறிந்த செய்திகள். கூலியைக் கடையில் வைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பியவனுடைய மனைவியின் துயரம் இவர்கள் பேச்சுக்குப் பின்னால் இருந்தது. அந்தத் துயரம் உண்மையானது. இந்நடையில் அதைச் சொல்லாமல் கள்ளின் ருசியை மட்டும் புகழ்கிறவர் பாதிக் கதையை மறைத்தவராவார்.

1948 அக்டோபர் 2 முதல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு அமலாயிற்று. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி ஜில்லா வந்து சேர்ந்தது அத்தகைய ராஜ்யத்தோடுதான். வேலையிழந்த பனையேறிகளுக்காகக் காந்தியடிகளும் பொருளியலாளர் ஜே. சி. குமரப்பாவும் வற்புறுத்திய பனைவெல்லத் தொழில் கூட்டுறவுச் சங்கங்களின் மூலம் வளர்க்கப்பட்டது. குமரப்பா, கரும்புக்கு நல்ல நிலத்தையும் நீரையும் கொடுப்பதைவிட, வறண்ட நிலத்தில் தானே நிற்கும் பனையிலிருந்து சர்க்கரை எடுப்பதே தேசத்துக்கு இலாபம் என்று வாதித்தார். அவ்வாதத்துக்கு இன்றுவரை யாரும் தக்க பதில் சொல்லவில்லை. 1971 ஆகஸ்ட் 30 அன்று மதுவிலக்கு ஒத்திவைக்கப்பட்டுக் கள்ளுக்கடைகள் திறந்தன, சில ஆண்டுகளில் மூடின, 1981இல் மீண்டும் திறந்தன, 1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் தடை செய்யப்பட்டன. 2003 நவம்பரில் அரசின் டாஸ்மாக் நிறுவனமே சில்லறை விற்பனையையும் எடுத்துக்கொண்டது. ஆக, ஆலையில் வடித்துப் புட்டியில் அடைத்த மது அரசாங்கத்தின் சரக்காக விற்கப்படுகிறது. 1978 முதல் தமிழகத்தின் மாநில மரமாக விளங்கும் பனையிலிருந்து சுண்ணாம்பு தடவாமல் கலயம் இறக்கினால் வழக்கு வருகிறது. குடிப்பது தீமை என்ற கொள்கையிலிருந்து இந்த நிலைமை பிறக்கவில்லை. எந்தக் குடியை ஆலையிலிருந்து எண்ணிக் கணக்கெடுக்க முடியுமோ அதை அனுமதித்து, எதை அவ்வாறு எண்ண முடியாதோ அதைத் தடுத்த நிர்வாக வசதியிலிருந்துதான் அது பிறந்தது என்பது என் துணிபு. பனையேறி மீண்டும் ஒருமுறை கணக்குப் பிள்ளையின் எழுத்தாணிக்கு அடியில் அகப்பட்டுக்கொண்டான்.

பத்மநாபபுரத்தை அடுத்த தக்கலையிலிருந்து வடமேற்கே மார்த்தாண்டம், குழித்துறை வழியாகக் களியிக்காவிளையைக் கடந்தால் கேரளம். அங்கே கள்ளு ஷாப்பு சட்டப்படி நடக்கிறது. மரச்சீனியும் மீன்கறியும் கூடவே கிடைக்கின்றன. கள் இறக்குவோருக்கு 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சேமநிதி இருக்கிறது. சாராயத்தை மட்டும் 1996 ஏப்ரல் 1 முதல் அம்மாநிலம் தடுத்துவிட்டது. ஆனால் அங்கேயும் பழைய முறை சிதைந்தே இருக்கிறது. மரம் ஏறுகிறவர் குறைந்துபோனதால் பாலக்காட்டுச் சிற்றூர்த் தோப்புகளில் இறக்கிய கள் பல ஜில்லாக்களுக்கும் வண்டியில் போகிறது. மரத்தடியில் பிறந்து மரத்தடியில் குடிக்கப்பட்ட பானம் நெடுஞ்சாலையில் பிரயாணம் செய்கிறது. எல்லைக்கு இருபுறத்திலும் இருப்பவர்கள் ஒரே நாட்டின் ஒரே தொழிலாளிகளாக 1956வரை இருந்தவர்கள் என்பதை நினைத்தால், இரண்டு சட்டங்களும் எவ்வளவு சமீபத்தில் பிரிந்தவை என்பது தெரியும்.

இத்தொழிலின் அகவாழ்வை அறிய விரும்புகிறவர் நடைக்குப் புறப்படுமுன் ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ நாவலைப் படித்துவிட்டு வரவேண்டும். 1964இல் வெளியான அந்நூலில், நொடித்துப்போன குடும்பப் பெருமையுள்ள வீட்டின் பெண்ணான லிஸி, பனையேறியின் மகனான தங்கராஜை விரும்புகிறாள். ஒரே ஜாதிக்குள், ஒரே மதத்துக்குள், மரம் ஏறுகிறவன் என்ற ஒரே காரணத்தால் எழும் சுவரை ஆசிரியர் கூச்சலில்லாமல் காட்டுகிறார். செப்பேடுகளும் பிரகடனங்களும் வெளியேயிருந்து வந்த பாரத்தைச் சொல்கின்றன. உள்ளேயிருந்து வந்த பாரத்தை அறிய இந்த நாவலைவிட நல்ல வழி தெரியவில்லை.

இத்தகைய நடையை ஏற்படுத்துவதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. அரண்மனை கேரள அரசின் வசம். ஊரும் விளையும் மரமும் தமிழக அரசின் எல்லையில். இரு அரசாங்கங்களின் சுற்றுலாத் துறைகளும் சேர்ந்தே இதைச் செய்யவேண்டியிருக்கும். அப்படிச் செய்யும்போது விளையில் வழிகாட்டியாக நிற்கவேண்டியவர் பனையேறிதான்; அதற்கு அவருக்குரிய கூலியும் தரவேண்டும். மரத்தில் ஏறிக் காட்டச் சொல்லி வேடிக்கை பார்ப்பதற்கு அன்று. தம் மரத்தையும் தம் கலயத்தையும் பற்றித் தாமே பேசுவதற்கு. விடிலியில் பேசவேண்டியவர் கருப்பட்டி காய்ச்சும் பெண். கோட்டைக்குள் அரண்மனைப் பணியாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஊட்டுப்புரையையும் மந்திரசாலையையும் ஏற்கெனவே நன்றாக விளக்குகிறார்கள். நீதிமன்றத் தீர்ப்பின் கதையையும் டிவிஷன் கச்சேரியின் கதையையும் அவர்களோடு சேர்த்துச் சொல்ல உள்ளூர் ஆசிரியர் ஒருவர் போதும்.

காலம், தை முதல் ஆனிவரை. திங்கட்கிழமை அரண்மனை மூடியிருக்கும், அன்று தவிர்க்கலாம். வரிசையை மாற்றக் கூடாது. முதலில் விளை, அடுத்து விடிலி, அதன்பிறகு கோட்டை வாசல். அரண்மனை திறப்பது காலை ஒன்பது மணிக்கு. அதற்குள் பனையேறி முதல் சுற்றை முடித்து, விடிலியில் அடுப்பும் மூட்டியாகியிருக்கும்.